இறக்கத்துல தள்ளுற கரும்பு

டிராக்டர் வெச்சிருக்கேன்னு சொன்னா டவுன்ல இருக்கிறவங்க 'எவ்வளவு இழுக்கும்?'னுதான் கேட்பாங்க. இழுக்கிறது பெரிய விஷயமே இல்லைங்க. என்னோடது 35 எச்.பி. சின்ன வண்டி; லோ கியர்ல போட்டா மலை மாதிரி கரும்பையும் இழுத்துடும். நிறுத்தணுமே, அதுதான் பாடு. என் ரெண்டு சக்கர டிரெய்லருக்குப் பிரேக் கிடையாது.

மூணு வருஷத்துக்கு முன்னாடி, ஏரிக்கரை இறக்கத்துல, டீசல் மிச்சமாகும்னு நியூட்ரல்ல விட்டேன். பாதியில பிரேக்கை மிதிச்சா டிராக்டர் நிக்கப் பார்க்குது, கரும்பு நிக்கல. பின்னாடியிருந்து தள்ளி வண்டியைக் குறுக்கே திருப்பிடுச்சு. ரெண்டு பிரேக் பெடலையும் சேர்க்கிற கொண்டியை வேற போடல. உழவுக்குக் கழட்டினது அப்படியே கிடந்தது. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பிடிச்சுது. கரையோரப் பனைமரத்துல முட்டி நின்னுச்சு, பிழைச்சோம். மட்கார்டுல உட்கார்ந்திருந்த என் பையன் குதிச்சதுல முட்டியில சிராய்ப்பு. அவங்கம்மா ஒரு வாரம் என்கிட்ட பேசல.

இப்பல்லாம் இறக்கத்துக்கு முன்னாலயே வண்டியை நிறுத்தி, மேடு ஏற போடுற கியரையே போட்டு இறங்குறேன். பாரம் ஏத்துற ஆளுங்ககிட்டயும் தினம் சண்டைதான். பின்பக்கம் பாரம் அதிகமானா கொக்கி மேல தூக்கும், டிராக்டர் பின்சக்கரத்துக்குப் பிடிமானம் போயிடும். முன்பக்கம் ரொம்ப அதிகமானா டிராக்டர் மூக்கு எழும்பும், ஸ்டியரிங் கேட்காது. அச்சுக்குக் கொஞ்சம் முன்னால நிக்கணும் பாரம். அதையும் குறைச்சே ஏத்துறேன். 'ஒரு நடை கூட ஆகுமேண்ணே'ன்னு மத்த டிரைவருங்க சிரிக்கிறாங்க. ஆகட்டும். மட்கார்டுல மட்டும் யாரையும் ஏத்துறதில்லை, பையன் கேட்டாலும்.