ஹைடி: வாலில் இருந்து பிறந்த பெயர்

பள்ளிக்கூடத்தில் முதல் நாள். டீச்சர் "அலமேலு" என்று மூன்று தடவை கூப்பிட்டார். நான் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். அது என் பெயர் என்று எனக்கே தெரியாது! வீட்டில் நான் மேலு. அலமேலு என்பது அப்பத்தாவின் பெயர். மாமியார் பெயரை மருமகள் சொல்லக்கூடாது என்பதால், அம்மா அந்தப் பெயரின் தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டார். ('மேலு, கீழு' என்று கிண்டல் செய்யும் வகுப்புத் தோழர்களே, வரலாறு இதுதான்.)

இந்தக் கூத்து எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன், 'ஹைடி' நாவலைப் படிக்கும் வரை. ஸ்விட்சர்லாந்துக்காரரான யோஹன்னா ஸ்பைரி எழுதி 1880-இல் வந்த கதை. ஆல்ப்ஸ் மலையில் தாத்தாவோடு வாழும் அநாதைச் சிறுமி ஹைடியை, பிராங்க்ஃபர்ட்டில் ஒரு பணக்கார வீட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள். நடக்க முடியாத கிளாரா என்ற பெண்ணுக்குத் துணையாக. வீட்டை நிர்வகிக்கும் ராட்டன்மையர் அம்மாள் பெயரைக் கேட்கிறார். 'ஹைடி' என்றால் ஒப்புக்கொள்ளவில்லை, ஞானஸ்நானப் பெயர் என்ன என்கிறார். குழந்தைக்கு அது நினைவில்லை. கூட வந்த சித்திதான் சொல்கிறாள்: அடெல்ஹைட். செத்துப்போன அம்மாவின் பெயர்.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

சரி, பெயருக்கு வருவோம். பழைய ஜெர்மன் மொழியில் 'அடல்' என்றால் உயர்குலம். 'ஹைட்' என்றால் நிலை, தன்மை. ஆங்கிலத்தில் 'சைல்ட்ஹுட்' என்கிறோமே, அந்த 'ஹுட்' இதன் உறவுதான். பழைய நார்ஸ் மொழியில் கௌரவம் என்று பொருள்படும் 'ஹெய்த்ர்' என்ற சொல்லும் அதே குடும்பம். ஆக, அடெல்ஹைட் என்றால் உயர்குலத் தன்மை. பொருத்தமாக, ரோமில் 962-இல் முதலாம் ஆட்டோவோடு முடிசூடிய பேரரசியின் பெயரும் அதுவே.

இந்தப் பெயர் ஊர் ஊராகப் போய் உருமாறியிருக்கிறது. பிரெஞ்சில் தேய்ந்து தேய்ந்து கடைசியில் 'ஆலிஸ்' ஆனது. அதாவது, அற்புத உலகத்துக்குப் போன ஆலிஸும் ஆல்ப்ஸ் மலை ஹைடியும் ஒரே பெயர்க்காரிகள்! இங்கிலாந்து மன்னர் நான்காம் வில்லியமின் மனைவி அடிலெய்டு, ஜெர்மனியின் மைனிங்கனில் பிறந்தவர். 1836-இல் உருவான ஆஸ்திரேலிய நகரத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 2003-இல் திராவிட் 233 அடித்த அதே அடிலெய்டுதான்.

ஆனால் ஹைடிக்கு மிஞ்சியது எது? 'உயர்குலம்' வெட்டுப்பட்டுப் போய், வெறும் 'தன்மை' மட்டும் நிற்கிறது. என் கதையும் அதேதான். அலர்மேல் மங்கை, அதாவது மலர்மேல் இருப்பவள் என்ற பெயர்தான் அலமேலு ஆனது. அதில் மலரும் போய் மங்கையும் போய் 'மேல்' மட்டும் நான்!

வேடிக்கை என்னவென்றால், அந்த வால்தான் ஜெயித்தது. நாவல் பரவிய பிறகு, செல்லப்பெயராக இருந்த ஹைடியையே நேரடியாகக் குழந்தைகளுக்கு வைக்கத் தொடங்கினார்கள். ஜெர்மனியோடு நிற்காமல் டென்மார்க், நார்வே, ஃபின்லாந்து வரை போனது. ஜெர்மன் மாடல் ஹைடி க்ளூம், நார்வேயின் பனிச்சறுக்கு வீராங்கனை ஹைடி வெங் எல்லாம் அந்த வரிசை.

கதையில் ராட்டன்மையர் அம்மாள் 'அடெல்ஹைட்' என்றுதான் கூப்பிடுகிறார். கிளாரா மட்டும், உன்னை எப்படிக் கூப்பிடட்டும் என்று கேட்டு, ஹைடி என்றே கூப்பிடுகிறாள். ஆனாலும் மலை ஏக்கத்தில் இளைத்து, தூக்கத்தில் நடக்க ஆரம்பிக்கிறாள் குழந்தை. கடைசியில் டாக்டர் சொல்லித்தான் ஊருக்கு அனுப்புகிறார்கள். பெயர் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் விடுதிக்கு வந்த முதல் வாரம், எல்லோரும் 'அலமேலு' என்றபோது எனக்கும் வயிற்றில் ஏதோ செய்தது.

போன தை மாதம் அப்பத்தா போய்விட்டார். இனி அம்மா முழுப் பெயரையும் சொல்லலாம், தடையில்லை. ஒருநாள் போனில் சொல்லியும் பார்த்தார். "அலமேலு..." என்றார். அப்புறம் இரண்டு பேருமே கொஞ்ச நேரம் பேசவில்லை.

"மேலுன்னே கூப்பிடும்மா" என்றேன்.