சிகரம் இல்லாத மலை

சுவடிகளோடு பழகியவர்க்கு நீங்காத கவலை ஒன்று உண்டு. கையில் இருப்பது நூலா, அன்றி நூலின் சிதைந்த படியா என்பதே அக்கவலை. ஏடு ஒன்று உதிர்ந்திருப்பின் பொருள் முறியும். படி எழுதுவோன் ஓர் எழுத்தை மாற்றினால் கருத்தே திரியும். 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று பிரதிகளைத் தேடியதும் இக்கவலையினால்தான். எம்.ஃபில். ஆய்வில் பாட வேறுபாடுகளை ஒப்பிட்டுப் பழகிய நாம், இதனை வகுப்பறையில் பல்லாண்டுகளாகச் சொல்லி வருகிறோம். ஆயின், அதே நாம் ஒரு முறை சிதைந்த படியை மூலமென நம்பி, கற்றோர் நிறைந்த அவையில் பிழையான முடிவொன்றை அறிவித்தோம். அப்பிழையை எழுத்தில் திருத்திக்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். நம்மை ஏமாற்றிய படி ஓலைச்சுவடி அன்று. கடல் கடந்து வந்த டிவிடிப் பெட்டி. அதனுள் இருந்ததும் தமிழ் நூல் அன்று. ஜப்பானியச் சித்திரத் தொடர்.

அனிமே எனப்படும் ஜப்பானியச் சித்திரப் படங்கள் நம் தலைமுறைக்கு முற்றிலும் புதியவை அல்ல. 1993ஆம் ஆண்டு தூர்தர்ஷனில் ஞாயிறுதோறும் இந்தியில் ஒளிபரப்பான மௌக்லியின் கதையை நாமும் தெருப்பிள்ளைகளும் ஒரே கூடத்தில் கூடிப் பார்த்தோம். மொழி விளங்கவில்லை, ஆயினும் ஓநாய்க் கூட்டமும் கரடியும் விளங்கின. அத்தொடர் 1989ஆம் ஆண்டு ஜப்பானில் உருவானது என்பதை நாம் அறிந்தது பிற்காலத்தில்தான்.

கோலாலம்பூரில் உணவகமொன்றில் பணியாற்றிய நம் மாமா, 2008ஆம் ஆண்டு விடுமுறைக்கு வந்தபோது ஒரு பெட்டியைக் கையில் தந்தார். ‘ஆல்ப்ஸ் மலைச் சிறுமி ஹைடி’ என்னும் தொடர் அது. “மருமகனே, அம்பத்திரண்டு பாகமும் நாலே தட்டுல இருக்கு, பிள்ளைங்களுக்குப் போட்டுக் காட்டு” என்றார். அட்டை பளபளத்தது. அட்டையின் மீது சீன எழுத்துகள். படத்தின் கீழே ஓடுவதற்கு ஆங்கில வரிகள். வீட்டுப் பிள்ளைகள் அதனைப் பார்த்துச் சிரித்தனர். ஹைடி ஃபிராங்க்ஃபர்ட் நகரத்து மாளிகையில் ஊர் நினைவால் ஏங்கிய பகுதியில் கண் கலங்கினர். நாமும் கலங்கினோம்.

யோஹன்னா ஸ்பைரி என்னும் சுவிட்சர்லாந்து எழுத்தாளர் 1880, 1881ஆம் ஆண்டுகளில் எழுதிய கதையே இத்தொடரின் மூலம். 1974ஆம் ஆண்டு ஜப்பானியத் தொலைக்காட்சியில் இது வந்தது. இயக்கியவர் இசாவோ தகஹாத்தா. பிற்காலத்தில் உலகப் புகழ் எய்திய ஹயாவோ மியாசாகி இதற்குக் காட்சியமைப்பு வரைந்தவர். அஃதாவது, ஒவ்வொரு காட்சியிலும் சட்டத்தின் எவ்விடத்தில் மலை, எவ்விடத்தில் மனிதர், இடையே எவ்வளவு வெளி என்பதை முன்கூட்டியே வரைந்து வகுக்கும் பணி. இதற்கென 1973ஆம் ஆண்டு இவர்கள் சுவிட்சர்லாந்துக்கே சென்று மலையையும் குடிசையையும் கண்டு வந்தனர்.

2017ஆம் ஆண்டு நடைபெற்ற குழந்தை இலக்கியக் கருத்தரங்கு ஒன்றில் இத்தொடரைப் பற்றி நாம் கட்டுரை படித்தோம். நம் முடிவு யாதெனில், இயக்குநர் மலைச்சிகரங்களைத் திட்டமிட்டே மறைக்கிறார்; மனித முகங்களால் சட்டத்தை நிரப்புகிறார்; ஆகவே இத்தொடரில் இயற்கை பின்னுக்குத் தள்ளப்பட்டு மனிதர் முன்னிற்கின்றனர் என்பது. முதற்பொருளும் கருப்பொருளும் குறைந்து உரிப்பொருள் ஓங்கிய படைப்பு என்றும் திணைக்கோட்பாட்டைப் பொருத்திக் காட்டினோம். அவை கைதட்டியது.

கூட்டம் கலைந்தபின் இளங்கலை மாணவர் ஒருவர் தயங்கி வந்து நின்றார். “ஐயா, சிகரம் இருக்கிறதே” என்றார். டோக்கியோவில் பணிபுரியும் அவருடைய அண்ணன் ஜப்பானியப் பெட்டியையே வாங்கி அனுப்பியிருந்தார். மறுவாரம் அதனைத் துறைக்குக் கொண்டு வந்தார். டிவிடி தட்டுகளுக்கு வட்டார எண் உண்டு. ஜப்பானுக்கு 2, இந்தியாவுக்கு 5. ஆகவே நம் துறையின் இயக்கி அத்தட்டினை ஏற்கவில்லை. கணினியில் அவ்வெண்ணை ஐந்து முறை வரை மாற்றிக்கொள்ளலாம் என்பதை அம்மாணவரே நமக்குக் கற்பித்தார்.

இரண்டு கணினிகளை அருகருகே வைத்து ஒரே காட்சியை நிறுத்திப் பார்த்தோம். நம் பெட்டியில் பாட்டனின் குடிசைக்குப் பின்னே பாறைச்சுவர் மட்டுமே இருந்தது. ஜப்பானியத் தட்டில் அப்பாறைக்கு மேலே பனி மூடிய சிகரமும் அதற்கு மேல் ஒரு கீற்று வானமும் இருந்தன. கீழே புல்வெளியும் ஆட்டுக்குட்டிகளின் கால்களும் இருந்தன. நான்குக்கு மூன்று என்னும் அளவில் வரைந்த படத்தை, அகலத் திரையை நிரப்ப வேண்டிப் பதினாறுக்கு ஒன்பது என்னும் அளவில் நறுக்கியிருந்தனர். அவ்வாறு நறுக்கினால் உயரத்தில் கால் பங்கு போய்விடும். நாம் இயக்குநரின் கொள்கை என்று பாராட்டியது நகலெடுத்தவனின் கத்தரிக்கோலையே. மியாசாகி வகுத்த வெளிதான் வெட்டுண்டு போயிற்று. அவர் பணியைப் பற்றித்தான் நாமும் தீர்ப்புச் சொன்னோம்.

அன்று தலை குனிந்தோம். பின்னர் அம்மாணவரோடு சேர்ந்தே இத்தட்டுகளை மதிப்பிடும் முறைகளைக் கற்றோம். அவை பதிப்பாய்வு முறைகளுக்கு அணுக்கமாக இருந்தமையால் ஈண்டுத் தருகிறோம்.

முதலாவது, முழுமை. பகுதிகளை எண்ணுதல் வேண்டும்; தொடக்கப் பாடலும் முடிவுப் பாடலும் உள்ளனவா என நோக்குதல் வேண்டும். மியாசாகியின் ‘நௌசிகா’ 1984ஆம் ஆண்டு 117 நிமிடப் படமாக வந்தது. அமெரிக்காவில் 1985ஆம் ஆண்டு வேறு பெயரில் வெளியிட்டபோது இருபது நிமிடத்துக்கும் மேல் வெட்டினர். 1963இல் தொடங்கிய ஒசாமு தெசுகாவின் ‘ஆஸ்ட்ரோ பாய்’ ஜப்பானில் 193 பகுதிகள்; அமெரிக்காவுக்கு ஆங்கிலத்தில் சென்றவை 104. எப்படியை எவர் பார்த்தார் என்று கேளாமல் ஒரு படைப்பைப் பற்றி வாதிடுவது வீண்.

இரண்டாவது, சட்டம். பழைய தொலைக்காட்சித் தொடர் அகலத் திரை முழுதும் நிரம்பி வருமாயின் ஐயுற வேண்டும். முகங்கள் அகன்றிருந்தால் இழுத்திருக்கின்றனர்; உச்சந்தலை மறைந்திருந்தால் வெட்டியிருக்கின்றனர்.

மூன்றாவது, நெருக்கம். இதற்கு எளிய கணக்கே போதும். ஓரடுக்குத் தட்டின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட்; ஈரடுக்குத் தட்டின் கொள்ளளவு 8.5. ஒரு பகுதி 25 நிமிடம் எனக் கொண்டால், ஓரடுக்குத் தட்டில் நான்கு பகுதிகளைப் பதிக்கும்போது நொடிக்கு ஏறத்தாழ 6 மெகாபிட் கிடைக்கும். அதே தட்டில் பதின்மூன்றைத் திணித்தால் 2 மெகாபிட்டும் கிடையாது. படம் ஓடும்போது கட்டங்கட்டமாக உடைவதும், கோடுகளைச் சுற்றிக் கொசு மொய்ப்பதுபோல் மங்கல் படர்வதும் இதனாலேயே. மாமா பெருமையோடு சொன்ன “நாலே தட்டு” என்பது நமக்கு அன்றே எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

நான்காவது, அசைவு. காட்சி பக்கவாட்டில் நகரும்போது படத்தை நிறுத்திப் பார்த்தல் வேண்டும். சீப்புப் பற்கள்போல் விளிம்பு கிழிந்தோ, ஓர் உருவம் இரண்டாகவோ தெரிந்தால் ஒளிபரப்பு முறையை மாற்றும்போது பிழை நேர்ந்திருக்கிறது என்பது பொருள். திரைச்சுருளுக்கு நொடிக்கு 24 சட்டங்கள். ஐரோப்பாவில் வழங்கிய பிஏஎல் முறையில் அதனை 25ஆக ஓட்டுவர். அப்போது 24 நிமிடப் படம் 23 நிமிடத்தில் முடியும், குரலும் சற்றே கீச்சென ஒலிக்கும்.

ஐந்தாவது, கோடும் வண்ணமும். அக்காலச் சித்திரங்கள் ஒளி ஊடுருவும் தாள்களில் கையால் வரைந்து வண்ணம் தீட்டி, ஒவ்வொன்றாய்ப் படச்சுருளில் பிடித்தவை. அச்சுருளின் மெல்லிய மணல்தன்மை மூலத்துக்கே உரியது. அதனை அழுக்கு என்று கருதி மிகையாகத் துடைத்தால் மைக்கோடுகளும் உடன் அழியும். முகங்கள் மெழுகுபோல் ஆகும். வழவழப்பைத் தெளிவு என மயங்கலாகாது.

ஆறாவது, மொழி. ஜப்பானியப் பேச்சைச் சீனத்துக்கும், சீனத்தை ஆங்கிலத்துக்கும் கடத்திய வரிகள் பெயர்களாலேயே தம்மைக் காட்டிக்கொடுக்கும். மியாசாகி என ஜப்பானியர் படிக்கும் எழுத்துகளைச் சீனர் கோங்ச்சி எனப் படிப்பர். ஹைடியின் ஆட்டுக்குட்டிக்கு யுக்கி என்று பெயர். ஜப்பானிய மொழியில் பனி என்று பொருள். நம் பெட்டியின் வரிகளில் அது பனியைக் குறிக்கும் சீனச் சொல்லாகிய ஷுவே ஆகியிருந்தது. நாம் அதனையே கட்டுரையிலும் எழுதியிருந்தோம்.

இவற்றையெல்லாம் படிப்போர், உரிமம் பெற்ற பெட்டியை வாங்கினால் போதுமே என்று எண்ணக்கூடும். உழைத்தவர்க்கு உரிய ஊதியம் சேர்வதற்கு அதுவே நேர்வழி. அதில் இரு கருத்து இல்லை. ஆயின் உரிமம் தரத்துக்குச் சான்று ஆகாது. 2007 முதல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டிராகன் பால் இசட்’ தொடரின் பெட்டிகள் முறையான உரிமம் பெற்றவையே. அவற்றிலும் படத்தை அகலத் திரைக்காக நறுக்கியிருந்தனர். மியாசாகியின் ‘ஸ்பிரிட்டட் அவே’ 2002ஆம் ஆண்டு ஜப்பானிலேயே டிவிடியாக வந்தபோது, படம் முழுதும் செந்நிறம் படிந்துள்ளது என்று வாங்கியோர் முறையிட்டனர். அது நீதிமன்றம் வரை சென்றது. வெளியிட்டவர் பெயரைப் பார்ப்பதோடு படத்தையும் பார்த்தாக வேண்டும்.

இன்று தட்டுகளின் காலம் பெரிதும் கடந்து, படங்கள் இணையத்தின் வழியே கைப்பேசிக்கு வந்துவிடுகின்றன. எனினும் நறுக்கலும் துடைத்தலும் திரிந்த வரிகளும் ஓய்ந்துவிடவில்லை. அருகே வைத்து ஒப்பிட வேறொரு படி எளிதில் கிடையாமையால், பிழையைக் காண்பது முன்னினும் அரிதாயிற்று.

மாமா பணி ஓய்வு பெற்று ஊர் திரும்பியபின், ஒரு நாள் இச்செய்தியைச் சொன்னோம். அவர் வருந்துவார் என்று அஞ்சினோம். சற்று நேரம் பேசாதிருந்தவர், “பிள்ளைங்க பார்த்துச் சிரிச்சாங்கள்ல?” என்று கேட்டார். ஆம் என்றோம். “அப்ப நான் வாங்கினது அதுக்குத்தானே, நீ எதுக்கு வாங்கினேன்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்றார். நமக்கு விடை இல்லை. பிள்ளைகளின் கண்ணீருக்கு அந்தச் சிதைந்த படியே போதுமானதாயிருந்தது. ஆய்வாளர் என்று மேடையேறிய நம் தீர்ப்புக்கு அது போதவில்லை. போதாது என்பதை அறிந்துகொள்ள வேண்டிய கடமை நம்முடையது. மாமா அக்கடையில் காசுக்கு ஏமாந்தார். நாம் கருத்துக்கு ஏமாந்து, அதனை நாற்பது மாணவர்க்கும் கொடுத்துவிட்டோம்.

அக்கருத்தரங்கத் தொகுதி நம் கல்லூரி நூலகத்தில் இருக்கிறது. அதில் உள்ள நம் கட்டுரையை எடுத்துப் படிக்கும் மாணவச் செல்வங்கள் இவ்விரு திருத்தங்களையும் அருள்கூர்ந்து கொள்ளுக. ஆட்டுக்குட்டியின் பெயர் யுக்கி. மலைக்குச் சிகரம் உண்டு. இதனை நமக்குக் காட்டிய மாணவர்க்கு நன்றி உரியதாகுக.