உண்டியலில் ஒட்டிய முகம்

நன்கொடை கேட்கும் சுவரொட்டியில் ஊனமுற்ற குழந்தையின் முகத்தை வைக்கும் வழக்கம் ஒரு தொழில்நுட்பமாகவே வளர்ந்தது 20ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில், இளம்பிள்ளைவாதத்தை ஒட்டி. 1938-இல் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் போலியோவுக்கென ஒரு தேசிய அறக்கட்டளையை நிறுவினார். ஆளுக்கொரு பத்து சென்ட் நாணயத்தை வெள்ளை மாளிகைக்கு அனுப்புங்கள் என்று வானொலியில் கேட்டார்கள். அஞ்சல் மூட்டைகள் வந்து குவிந்தன. 'மார்ச் ஆஃப் டைம்ஸ்' என்ற பெயர் 'டைம்' (dime) எனப்படும் அந்த நாணயத்திலிருந்து வந்தது. 1946 தொடங்கி அந்த அமைப்பு ஒரு சிறுவனையோ சிறுமியையோ தன் 'சுவரொட்டிக் குழந்தை'யாகத் தேர்ந்தெடுத்தது. காலில் காலிப்பர், கையில் ஊன்றுகோல், முகத்தில் சிரிப்பு. இந்த மூன்றும் பிறகு உலகம் முழுவதும் நிதி திரட்டுவோரின் இலக்கணமாகிவிட்டன.

அறக்கட்டளையை நிறுவியவரின் நிலையோ நேர்மாறு. ரூஸ்வெல்ட் 1921-இல், 39 வயதில், கால்கள் செயலிழந்தவர். சாப்பாட்டறை நாற்காலி போன்ற ஒன்றில் சக்கரம் பூட்டி வீட்டுக்குள் அதில்தான் நகர்ந்தார். ஆனால் அந்த நாற்காலியில் அவர் இருக்கும் படம் பத்திரிகைகளில் வராமல் கவனமாகப் பார்த்துக்கொண்டார்கள். அப்படிப்பட்ட படங்கள் இன்று விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே உள்ளன. வாக்காளர் முன் நிற்க ஊனத்தை மறைக்க வேண்டியிருந்தது. நன்கொடையாளர் முன் நிற்க அதே ஊனத்தைக் காட்ட வேண்டியிருந்தது. 1997-இல் வாஷிங்டனில் அவருக்கு நினைவிடம் திறந்தபோதுகூட, பெரிய சிலையில் நாற்காலியை ஒரு மேலங்கி மூடியிருந்தது. ஊனமுற்றோர் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்து, தாங்களே பணம் திரட்டிய பிறகு, 2001-இல் சக்கர நாற்காலியில் அமர்ந்த இன்னொரு சிலை நுழைவாயிலில் வந்தது. அவருக்காக ஊனமுற்றோர் திரட்டிய அந்த நிதியில் பரிதாபம் கலக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பரிதாபத்தால் பயனில்லை என்று சொல்லவும் முடியாது. 1955-இல் வெற்றி அறிவிக்கப்பட்ட ஜோனஸ் சால்க்கின் போலியோ தடுப்பு மருந்து, அந்தப் பத்து சென்ட் நாணயங்களின் துணையோடுதான் உருவானது. படம் வேலை செய்கிறது, பணம் வருகிறது, அந்தப் பணம் நல்ல காரியத்துக்கும் போகிறது. அப்படியிருந்தும் படத்தில் இருப்பவர்களே அதை எதிர்த்து ஏன் தெருவுக்கு வந்தார்கள் என்பதில்தான் இந்த விஷயத்தின் முடிச்சு இருக்கிறது.

அந்த முடிச்சு இறுகியது தொலைக்காட்சியில். நகைச்சுவை நடிகர் ஜெரி லூயிஸ் 1966 முதல் 2010 வரை, செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரும் தொழிலாளர் தின விடுமுறையில், தசைச்சிதைவு நோய்க்கான சங்கத்துக்காக 'டெலிதான்' நடத்தினார். இருபது மணி நேரத்துக்கும் மேலாகப் பாட்டு, நடனம், நடுநடுவே சக்கர நாற்காலிக் குழந்தைகள், பின்னால் ஏறிக்கொண்டே போகும் தொகைப் பலகை. ஆண்டுகள் போகப்போக 200 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. மேடையேறிய குழந்தைகளுக்கு 'ஜெரியின் பிள்ளைகள்' என்று பெயர். நோயோடு வாழ்ந்த பெரியவர்களும் பார்வையாளர் மனதில் அந்தப் பிள்ளைகளாகவே தங்கிவிட்டார்கள். நாற்பது வயது வழக்கறிஞர்கூடக் கடைத்தெருவில் தலையை வருடிக்கொடுக்கப்படும் நிலை அப்படித்தான் வந்தது.

1981 செப்டம்பரில் எவன் கெம்ப் என்ற வழக்கறிஞர் 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அவரும் தசை நோயால் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தியவர். அவர் வைத்த வாதத்தின் சாரம் எளியது: இந்த நிகழ்ச்சி குணமாக்கும் மருந்துக்குக் காசு சேர்க்கிறது, ஆனால் குணமாகாமலேயே வேலைக்குப் போய், வீடு பிடித்து, குடும்பம் நடத்த விரும்புகிறவர்களின் வழியை அடைக்கிறது. இரவெல்லாம் டிவியில் கையாலாகாதவர்களாகப் பார்த்தவர்களை, மறுநாள் காலை எந்த முதலாளி வேலைக்கு எடுப்பார்? ஆக, அந்தக் கோடிக்கணக்கான டாலருக்கு ஒரு செலவுக் கணக்கும் இருந்தது. அது சங்கத்தின் ஏட்டில் ஏறவில்லை. கிடைக்காமல் போன வேலைகளாகவும் கட்டப்படாத சாய்தளங்களாகவும் வேறு இடத்தில் ஏறியது. கெம்ப் பின்னர் வேலைவாய்ப்பில் பாகுபாட்டைத் தடுக்கும் அமெரிக்க அரசு ஆணையத்தின் தலைவரானார். 1990 ஜூலையில் ஊனமுற்ற அமெரிக்கர் சட்டம் கையெழுத்தான மேடையில் அவரும் இருந்தார்.

அதே 1990-இல்தான் லூயிஸ் ஒரு வார இதழில், தனக்குத் தசைச்சிதைவு வந்திருந்தால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து எழுதினார். அந்த வாழ்க்கை அவருக்குப் பாதி மனிதனின் வாழ்க்கையாகத் தெரிந்தது. ஒரு காலத்தில் சங்கத்தின் சுவரொட்டிக் குழந்தைகளாக இருந்த சிகாகோ உடன்பிறப்புகள் மைக் எர்வினும் கிறிஸ் மேத்யூஸும் இதைப் படித்துக் கொதித்து, 'ஜெரியின் அநாதைகள்' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டு டெலிதானுக்கு எதிராகப் போராடத் தொடங்கினார்கள். லூயிஸ் கெட்ட மனிதர் அல்லர். அவருடைய உழைப்பு உண்மையானது, பாசமும் உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பாசத்துக்குக் குழந்தைகள்தான் தேவைப்பட்டார்கள். வளர்ந்து நின்று பதில் பேசியபோது அது தாங்கவில்லை.

இங்கிலாந்தில் எதிர்ப்பு இன்னும் சூடாக இருந்தது. ஐடிவி தொலைக்காட்சியின் டெலிதானுக்கு எதிராக 1990-இலும் 1992-இலும் ஊனமுற்றோர் லண்டன் ஸ்டுடியோ வாசலில் திரண்டார்கள். அவர்களுடைய பனியனில் இருந்த வாசகம் அச்சில் ஏற்றக் கூசும் ரகம். பரிதாபத்தின் மேல் சிறுநீர் கழிக்கிறோம் என்பது அதன் நாகரிகமான பொருள். 1992-க்குப் பிறகு அந்த டெலிதான் வரவே இல்லை. 1995-இல் ஊனமுற்றோருக்கு எதிரான பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்தது. அதே நாட்டில் பல ஆண்டுகள் கடை வாசல்களில் ஒரு குழந்தை உயர உண்டியல் பொம்மை நின்றிருந்தது: காலிப்பர் மாட்டிய சிறுமி, ஒரு கையில் கரடி பொம்மை, மறு கையில் காசுப் பெட்டி. மூளை முடக்குவாதம் உள்ளோருக்கான ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி வைத்தது அது. 'ஸ்பாஸ்டிக்' என்ற மருத்துவச் சொல் பள்ளி மைதானத்தில் வசவாகிப் போனதால் அந்த அமைப்பு 1994-இல் 'ஸ்கோப்' என்று பெயரை மாற்றிக்கொண்டது. சென்னையின் வித்யா சாகர் அமைப்பும் முதலில் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி என்ற பெயரோடு இயங்கியதுதான்.

தமிழ்நாட்டில் டெலிதான் இல்லை. அதன் வேலையை நலத்திட்ட உதவி வழங்கும் விழா செய்கிறது. மூன்று சக்கர ஸ்கூட்டரின் சாவியை ஒரு கை கொடுக்க, இன்னொரு கை வாங்க, இரு முகங்களும் கேமராவைப் பார்க்கின்றன. மறுநாள் நாளிதழில் கொடுத்தவருக்குப் பெயரும் பதவியும் இருக்கும், வாங்கியவர் 'பயனாளி'. அது வரிப்பணத்தில் வந்த உரிமை என்பது படத்தில் தெரியாது. பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் இல்லங்களில் சோறு போட்டு, சாப்பிடும் பிள்ளைகளோடு எடுத்துக்கொள்ளும் படங்களும் இந்த வகையே. சோற்றில் தவறில்லை. ஆனால் தன் வீட்டுப் பந்தியில் சாப்பிடுகிறவரை யாரும் அப்படிப் படமெடுத்து ஊருக்கு அனுப்புவதில்லை.

பரிதாபத்தை விட்டவர்கள் பெரும்பாலும் போய் விழுவது பாராட்டில். 'ஊனம் தடையல்ல' என்ற தலைப்பில் தேர்வு முடிவு நாளன்று வரும் செய்திகள் நல்லெண்ணத்தோடு எழுதப்படுபவைதான். சக்கர நாற்காலியைப் பயன்படுத்திய ஆஸ்திரேலியப் பத்திரிகையாளரும் மேடை நகைச்சுவையாளருமான ஸ்டெல்லா யங், 2012-இல் எழுதிய கட்டுரையிலும் 2014-இல் சிட்னியில் ஆற்றிய உரையிலும் இந்தப் பாராட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டினார். அவருக்கு 15 வயதிருக்கும்போது ஊர்க்காரர் ஒருவர் சாதனை விருதுக்கு அவர் பெயரை அனுப்ப விரும்பினாராம். பெற்றோர் குழம்பிப்போனார்கள்: அவள் எதுவும் சாதிக்கவில்லையே, பள்ளிக்குப் போகிறாள், டிவி பார்க்கிறாள், அவ்வளவுதானே! பின்னர் அவர் ஆசிரியராக வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன், ஊக்கப் பேச்சை எப்போது தொடங்குவீர்கள் என்று கேட்டான். சக்கர நாற்காலியில் ஒருவர் பள்ளிக்கு வந்தால் வேறு எதற்கு வருவார்? யங்கின் கருத்துப்படி, இந்தப் படங்கள் ஊனமில்லாத பார்வையாளர் 'நம் நிலை பரவாயில்லை' என்று தேறிக்கொள்வதற்காகச் செய்யப்படுபவை. அழவைக்கும் படமும் எழுப்பிவிடும் படமும் அந்த வகையில் ஒன்றே. இரண்டிலும் ஊனமுற்றவர் பார்ப்பவரின் மனதுக்கு வேலை செய்கிறார்.

ஊக்கப் பேச்சின் மறுபக்கமும் அண்மையில் தெரிந்தது. 2024-இல் சென்னை அசோக் நகர் அரசுப் பள்ளியில் தன்னம்பிக்கை உரையாற்ற வந்த ஒருவர், ஊனம் முற்பிறவிப் பாவத்தின் பலன் என்று மாணவிகளிடம் பேசினார். அங்கே இருந்த பார்வையற்ற ஆசிரியர் உடனே எழுந்து மறுத்துக் கேட்டார். பேசியவர் பின்னர் கைது செய்யப்பட்டார். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பொது இடத்தில் இழிவுபடுத்துவதற்கு 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

சொற்களைப் பற்றிய சண்டை தனிக்கதை. 'ஊனமுற்றோர்' அரசு ஏட்டில் 'மாற்றுத்திறனாளி' ஆனது கருணாநிதி முதல்வராக இருந்த காலத்தில். 2015-இல் பிரதமர் மோடி முன்வைத்த 'திவ்யாங்' என்ற சொல்லை ஊனமுற்றோர் அமைப்புகள் பல ஏற்கவில்லை. தெய்வீக உறுப்பு வேண்டாம், பேருந்தில் ஏற வழி வேண்டும் என்பது அவர்கள் கேட்டதன் சாரம். பெயர் மாறிய அலுவலகத்துக்கும் படிக்கட்டு மாறவில்லை என்றால் யாருக்கு லாபம்?

இந்திய உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 8 அன்று, 'ஆங்க் மிச்சோலி' என்ற இந்திப் படம் தொடர்பான நிபுண் மல்ஹோத்ரா என்பவர் தொடுத்த வழக்கில், இந்தப் பொருளைத் தெளிவாகத் தொட்டது. படத்தை வெட்டச் சொல்லவில்லை. ஊனத்தைச் சிறுமைப்படுத்தும் நகைச்சுவையையும், ஊனத்தைப் புரிந்துகொள்ள உதவும் நகைச்சுவையையும் வேறுபடுத்திப் பார்த்தது. ஒருவரைப் பற்றிய படத்தை அவர் போன்றவர்களைக் கலந்தாலோசித்து எடுக்கும்படி சொன்னது. சப்பாணியும் குருடனும் சிரிப்புக் காட்சிக்கென்றே படைக்கப்பட்டுவந்த திரையுலகுக்கு இது தாமதமாக வந்த பாடம்.

இன்றைய உண்டியல் கைப்பேசியில் இருக்கிறது. முதுகுத்தண்டுவடத் தசைநார்ச் சிதைவு உள்ள குழந்தைக்கு 16 கோடி ரூபாய் ஊசி தேவை என்ற செய்தி 2021-இல் தமிழ்நாட்டில் வீடுதோறும் பரவியது. அழும் தாய், குழாய் பொருத்திய மூக்கு, ஓடிக்கொண்டிருக்கும் நாள் கணக்கு. அப்படிக் கேட்கும் பெற்றோரைக் குறைசொல்ல யாருக்கும் தகுதியில்லை. அரசுக் காப்பீடு எட்டாத தொகைக்கு அவர்களிடம் விற்க வேறு என்ன இருக்கிறது? கேள்வி, அந்தக் காணொளியைச் செய்து தரும் இடைத்தரகரிடம்தான். நேர்மையாக நடக்கும் சில அமைப்புகளின் ஒப்புதல் படிவத்தில், படம் எங்கே, எவ்வளவு காலம் பயன்படும் என்று எழுதியிருக்கும். வீட்டார் பேசும் மொழியில் வாசித்துக் காட்டுவார்கள். எப்போது வேண்டுமானாலும் நீக்கச் சொல்லலாம் என்ற வரி இருக்கும். பேசத் தெரிந்த வயதுப் பிள்ளையிடம் தனியாகக் கேட்பார்கள். கேமராவைக் குழந்தையின் கண் உயரத்துக்கு இறக்குவார்கள், கூட வந்தவரிடம் கேட்காமல் உரியவரிடமே கேட்பார்கள். தொகை சேர்ந்த அன்றே காணொளியை இறக்கிவிடுவதும் அந்தப் படிவத்தில் ஒரு நிபந்தனையாக இருக்க முடியும். ஊசி வேலை செய்தால், அந்தக் குழந்தை ஒருநாள் பத்தாம் வகுப்புக்குப் போகும். வகுப்பில் யாராவது அதன் பெயரைக் கைப்பேசியில் தேடிப் பார்ப்பார்கள்.