சண்டிகரில் ஓர் அறை கூட்டிக் கட்டுதல்

புதுடெல்லியில் காலைச் சதாப்தி ரயில் ஏறினால் ஏறக்குறைய மூன்றரை மணி நேரத்தில் சண்டிகரில் இறங்கிவிடலாம். நம் ஜனங்களில் பெரும்பாலோர் அப்பட்டணத்தைச் சிம்லாவுக்கும் மணாலிக்கும் போகிற வழியில் உள்ள ஊராகவே அறிந்திருக்கிறார்கள். ரோஜாத் தோட்டத்தையும் பாறைத் தோட்டத்தையும் அரை நாளில் பார்த்துவிட்டு மலையேறிவிடுகிறார்கள். அங்குள்ள தமிழ்ச் சபையாரின் அழைப்பின்பேரில் நான் நான்கு நாட்கள் தங்க நேர்ந்தது. பகலில் ஓய்வு இருந்தபடியால் வீதிகளில் நடந்தேன். சென்னையிலும் மும்பையிலும் பெங்களூரிலும் பல ஆண்டுகள் நடந்து பழகிய கால்களுக்கு முதலில் ஏற்பட்ட உணர்வு, ஏதோ ஒன்று குறைகிறது என்பதே. வடபகுதிச் செக்டர்களில் வீடுகளுக்கு மேல் வானம் அகலமாகத் தெரிகிறது. வடகிழக்கே சிவாலிக் மலைத்தொடர் எட்டிப் பார்க்கிறது. எந்த வீடும் அதை மறைக்க எழும்பி நிற்கவில்லை. நம் நகரங்களில் நாம் காணாத அந்த வெறுமையே இவ்வூரின் செல்வம். இப்போது வழக்கும் அதைப் பற்றியதே.

1947-ல் தேசம் பிரிக்கப்பட்டபோது லாகூர் பாகிஸ்தானுக்குப் போயிற்று. இந்தியப் பகுதியில் நின்ற பஞ்சாபுக்குத் தலைநகரம் இல்லை. அமெரிக்க வல்லுநர் ஆல்பர்ட் மேயரும் மாத்யூ நோவிக்கியும் முதல் வரைவைத் தந்தார்கள். நோவிக்கி 1950-ல் விமான விபத்தில் மரித்தார். அதன்பின் லெ கொர்பூசியே, அவருடைய உறவினர் பியேர் ஜான்னரே, ஆங்கிலேயத் தம்பதியரான மாக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ ஆகியோரிடம் வேலை ஒப்புவிக்கப்பட்டது. 1 முதல் 30 வரையான செக்டர்கள் முதற்கட்டம். அதில் ஒன்றரை லட்சம் பேர். 31 முதல் 47 வரை இரண்டாம் கட்டம். அதில் மூன்றரை லட்சம் பேர். ஆக ஐந்து லட்சம் பேருக்கென்றே அளந்து போடப்பட்ட திட்டம் அது. 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் சண்டிகர் ஒன்றியப் பகுதியில் பத்தரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள்.

லெ கொர்பூசியே எழுப்பிய தலைமைச் செயலகமும் உயர் நீதிமன்றமும் சட்டமன்றமும் 2016-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. சுற்றுலாப் பயணிகள் அவற்றைத்தான் படம் பிடிக்கிறார்கள். எனக்கோ 22-ஆம் செக்டரின் சாதாரண வீடுகளே அதிகம் பிடித்திருந்தன. முதலில் குடியேறிய பகுதிகளில் அதுவும் ஒன்று. கடைநிலை ஊழியருக்கும் எழுத்தருக்கும் கட்டப்பட்ட வரிசை வீடுகள், பூசாத செங்கற்சுவர், வெயிலைத் தடுத்துக் காற்றை உள்ளே விடும் செங்கற் சாளரம். சிறிய வீட்டுக்காரனும் மரியாதையோடு குடியிருக்க வேண்டும் என்று யோசித்துக் கட்டியிருக்கிறார்கள். ஜான்னரே 1965 வரை அங்கேயே தங்கி வேலை செய்தார். அவர் மறைந்த பின் அவருடைய அஸ்தி, அவர் விரும்பியபடி, சுக்னா ஏரியில் கரைக்கப்பட்டது.

தனியார் மனைகளுக்கும் அன்றே கட்டுப்பாடு விதித்தார்கள். சண்டிகரில் நிலத்தை மர்லா, கனால் என்று அளக்கிறார்கள். பத்து மர்லா என்பது 250 சதுர கெஜம். நம் ஊர்க் கிரவுண்டுக்குச் சற்றுக் குறைவு. ஒரு கனால் அதைப்போல் இருமடங்கு. சிறிய மனைகளின் முகப்புக்கு ‘ஃப்ரேம் கண்ட்ரோல்’ என்றொரு விதி உண்டு. பக்கச் சுவர்களும் மேல் விளிம்பும் சேர்ந்து ஒரு படச்சட்டம் போல நிற்கும். அதன் உயரமும் அகலமும் அரசு நிர்ணயித்தவை. சட்டத்துக்குள்ளே சன்னலை எங்கே வைப்பது, திண்ணையை எவ்வாறு அமைப்பது என்பதெல்லாம் வீட்டுக்காரர் விருப்பம். ஆகவே வீதி முழுவதும் ஒரே குடும்பத்துச் சகோதரர்கள் நிற்பதுபோல ஒற்றுமை தெரியும்; முகங்களோ வெவ்வேறு. நம் ஊரில் ஒருவன் பச்சையும் அடுத்தவன் ஊதாவும் அடித்து, மூன்றாமவன் கோபுரம் போல் முகப்பு வைப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இக்கட்டுப்பாடு அடக்குமுறையாகத் தோன்றவில்லை.

சச்சரவு பிறந்தது வடபகுதியின் பெரிய வீடுகளில். பெற்றோர் கட்டிய வீடு பிள்ளைகளுக்கு வருகிறது. பிள்ளைகளில் ஒருவர் கனடாவில், இன்னொருவர் டெல்லியில். விற்க வேண்டும், முழு வீட்டையும் வாங்கக்கூடியவர் அரிது. அதை இடித்து மூன்று தளம் எழுப்பி, தளத்துக்கு ஒருவராக மூவருக்கு விற்றால் மூவரும் வாங்குவார்கள். ஆனால் 1960-ஆம் ஆண்டின் விதிகள் மனையையோ கட்டடத்தையோ துண்டாக்கலாகாது என்றன. 2001-ல் அடுக்ககங்களாகப் பிரிக்க இடங்கொடுக்கும் தனி விதிகள் வந்தன. குடியிருப்போரின் கடும் எதிர்ப்பால் 2007-ல் அவை விலக்கப்பட்டன. அதற்குப் பின் வேறொரு வழி பிறந்தது. வீட்டின் பிரிக்கப்படாத பாகத்தில் ஒருவர் ஐம்பது சதவீதம், ஒருவர் முப்பது, ஒருவர் இருபது என வாங்குவார்கள். பத்திரத்தில் மூவரும் கூட்டு உரிமையாளர்கள். பக்கத்தில் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் மட்டும் தனியே இருக்கும்: தரைத்தளம் இவருக்கு, முதல் மாடி அவருக்கு, இரண்டாம் மாடி மற்றவருக்கு. காகிதத்தில் துண்டாகவில்லை. வீதியிலோ ஒரு குடும்பம் இருந்த இடத்தில் மூன்று சமையலறைகளும் ஆறு கார்களும் வந்து நின்றன.

இதை எதிர்த்துக் குடியிருப்போர் நலச் சங்கம் ஒன்று நீதிமன்றம் சென்றது. பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றம் 2021 நவம்பரில், பாகம் விற்பதை அடுக்ககமாக்குதல் என்று கூற இயலாது எனத் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பி.ஆர். கவாய், பி.வி. நாகரத்னா ஆகியோர் 2023 ஜனவரி 10-ஆம் தேதி அதை மாற்றினார்கள். ஒரு குடியிருப்பை முன்பின் அறியாத மூவருக்கு மூன்று அடுக்ககங்களாக்கும் நோக்கம் வெளிப்படையாகத் தெரிகிற வரைபடங்களுக்கு அனுமதி தரலாகாது. தளவாரியாகப் பிரித்துக்கொள்ளும் ஒப்பந்தங்களைப் பதிவு செய்யலாகாது. முதற்கட்டச் செக்டர்களில் மூன்று தளங்களுக்கு மேல் எழும்பலாகாது. எவ்வளவு நெருக்கத்தை அப்பகுதி தாங்கும் என்பதைப் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு ஆராய வேண்டும் என்பன தீர்ப்பின் சாரம். அடுத்த மாதமே நிர்வாகம் குடும்பத்துக்கு வெளியே பாகம் விற்பதைப் பதிவு செய்வதற்குத் தடை விதித்தது. ஏற்கெனவே பாகம் வாங்கியிருந்தவர்களின் கலக்கத்தைச் சொல்லவும் வேண்டுமோ?

என் எண்ணத்தில் தீர்ப்பின் அடிப்படை சரியானதே. வீதியும் குழாயும் சாக்கடையும் ஒரு குடும்பத்துக்கென்று கணக்கிடப்பட்டவை. அவற்றின்மேல் மூன்று குடும்பங்களை ஏற்றினால் சுமையைத் தாங்குவது அண்டை வீட்டார். இலாபத்தை எடுத்துக்கொண்டு போகிறவர் கட்டுமானக்காரர். அத்தீர்ப்பு பெங்களூரின் சீரழிவைத்தான் எச்சரிக்கையாகச் சுட்டிக்காட்டுகிறது. அந்தப் பட்டணத்தில் பதினோரு ஆண்டுகள் ஊழியம் செய்து, ஒவ்வொரு மழைக்கும் சபையாரின் வீடுகளிலிருந்து தண்ணீர் இறைத்தவன் என்ற முறையில் எனக்கு அதில் மறுப்பில்லை.

ஆனால் தெற்கே போனால் காட்சி மாறுகிறது. சண்டிகரின் திட்டத்தில் மலையடிவாரத்திலிருந்து தெற்கே இறங்க இறங்க மனை சிறுத்து ஜனநெருக்கம் கூடும். நாற்பதுக்கு மேற்பட்ட செக்டர்களில் 1976-ல் அமைக்கப்பட்ட வீட்டு வசதி வாரியம் கட்டிய அடுக்கு வீடுகள் அதிகம். நான் தங்கியிருந்தது அப்படிப்பட்ட ஒரு தரைத்தள வீட்டில். வீட்டுக்காரர் கன்னியாகுமரி மாவட்டத்தவர், கணக்கர் வேலை. இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னே சிறு முற்றம். முற்றம் இப்போது இல்லை. அதை மூடி ஓர் அறை கட்டியிருக்கிறார். அதில் எண்பது வயதைக் கடந்த அவருடைய தாயார் படுத்திருக்கிறார்.

“அப்பா போன பிறகு அம்மாவைத் தனியே ஊரில் விட மனம் வரவில்லை, பாஸ்டர் ஐயா. வாடகைக்குப் பெரிய வீடு பார்க்கச் சம்பளம் போதாது. முற்றத்தைத்தான் மூட முடிந்தது” என்றார். அனுமதி உண்டா என்று கேட்டேன். “கேட்டால் வரும் என்கிறார்கள், வராது என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் விதி வேறாக இருக்கிறது” என்று சிரித்தார்.

அவ்வீதியின் பின்புறச் சந்தில் நடந்தால், ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒரு பல் கூடுதலாக முளைத்திருப்பதைக் காணலாம். எங்கும் அதே கதை: பிள்ளைக்குப் படிக்க ஓர் அறை, புது மருமகளுக்கு ஓர் அறை, நடக்க இயலாத தகப்பனுக்கு ஒரு குளியலறை. தேவைக்கேற்ற மாற்றங்கள் என்ற பெயரில் வாரியம் பல தடவை தளர்வுகளை அறிவித்ததுண்டு. ஆனாலும் விவகாரம் பல ஆண்டுகளாகத் தீர்ந்தபாடில்லை. அடுக்கு வீட்டில் இன்னொரு சங்கடமும் உண்டு. கீழ்வீட்டின் புது அறைக்குத் தூண் பலமாக இருந்தால் மட்டுமே மேல்வீட்டார் அதன்மேல் தங்கள் அறையை எழுப்ப முடியும். நம்மவர் கட்டும்போது முதல் மாடிப் பஞ்சாபிக் குடும்பம் கம்பிக்கும் சிமென்டுக்கும் பாதிப் பணம் கொடுத்து, தூணைக் கனமாகப் போடச் செய்தது. இரண்டாம் மாடியில் விதவை ஒருவர்; அவரிடம் பணமில்லை. ஆகவே கீழே இரண்டு அறைகள் நீட்டிக்கொண்டிருக்க, மேலே பழைய சுவர் உள்ளடங்கியபடி நிற்கிறது. இடப்பக்கத்து வீட்டின் சமையலறைக்கு வெளிச்சம் குறைந்துவிட்டது. அவ்வீட்டம்மாள் ஓராண்டு பேசவில்லை. பிறகு நம் சகோதரி தம் பக்கத்துச் சுவரின் மேற்பகுதியில் நான்கு வரிசை இடித்துத் திறப்பு விட்டபின் பேச்சு திரும்பிற்று.

மோசேயின் பிரமாணத்தில், புது வீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டவேண்டும் என்ற கட்டளை உபாகமம் 22-ஆம் அதிகாரத்தில் வருகிறது. ஒருவரும் விழுந்து இரத்தப்பழி வராதபடிக்கு. கட்டட விதிகளைப் பற்றி வேதாகமக் கல்லூரியில் எங்களுக்கு யாரும் போதிக்கவில்லை; எனினும் அந்தச் சந்தில் நின்றபோது அவ்வசனம் நினைவுக்கு வந்தது. அங்கே விதி கேட்பது வீட்டின் அழகை அன்று. வீட்டுக்கு வருகிறவனின் உயிரை.

வடக்கே முகம் தெரியாத மூவருக்குத் தளம் விற்பதும், தெற்கே தாய்க்கு ஓர் அறை கூட்டுவதும் ஒரே தராசில் வைக்கத்தக்கவை என்று நான் கருதவில்லை. முன்னதைத் தடுப்பதில் நியாயம் உண்டு. பின்னதற்குத் தூணின் பலம், அண்டை வீட்டின் வெளிச்சம், தீயணைப்பு வண்டி வர வழி ஆகிய மூன்றையும் பொறியாளர் பார்த்து உறுதி செய்தபின் நிலையான அனுமதி கொடுப்பதே நீதியாகும். ஆண்டுதோறும் தளர்த்துவதும் இறுக்குவதுமாயிருந்தால் ஒழுங்காய்க் கட்ட விரும்புகிறவனும் இரவோடிரவாகக் கட்டத் துணிவான்.

கடைசி நாள் மாலை 45-ஆம் செக்டருக்குள் இருக்கும் புரைல் கிராமத்துக்குப் போனேன். பட்டணம் பிறக்கும் முன்னரே இருந்த ஊர் அது. நேர்க்கோட்டுச் செக்டரின் நடுவே திடீரென்று வளைந்த சந்துகள். இரு கை நீட்டினால் இரு பக்கச் சுவரும் தொடும். தலைக்கு மேல் மின்கம்பிகள் கொத்தாய்த் தொங்க, நான்கும் ஐந்துமாக மாடிகள். ஒவ்வொரு மாடியிலும் அறை அறையாக வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். வடக்கே அகன்ற வீடுகளில் சமைக்கிறவர்கள், காவல் காக்கிறவர்கள், வர்ணம் பூசுகிறவர்கள் பலர் இரவில் இங்கே வந்து படுக்கிறார்கள். வடக்கே மூன்று மாடிக்கு மேல் எழும்பாதபடி காத்த நெருக்கம் காணாமற்போகவில்லை. இங்கேயும், எல்லைக்கு அப்பால் பஞ்சாபின் சிரக்பூரிலும் மொஹாலியிலும் எழும்பி நிற்கிறது. பாரம்பரியத்தைக் காப்போர் இதையும் தங்கள் கணக்கில் எழுதவேண்டும்.

நான் தங்கியிருந்த வீட்டுக்காரருக்குக் கல்யாண வயதில் ஒரு மகள். 19-ஆம் செக்டரில் ஒரு வீட்டின் இருபது சதவீதப் பாகம், அதாவது இரண்டாம் மாடி, மலிவாக வருகிறதென்று தரகர் ஒருவர் அவரிடம் சொல்லியிருந்தார். ஊரிலுள்ள தென்னந்தோப்பை விற்று வாங்கலாமா என்று என்னிடம் ஆலோசனை கேட்டார். அப்பாகம் அவர் பெயரில் பதிவாகுமா என்று பதிவு அலுவலகத்திலேயே நேரில் விசாரித்து, வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்தில் கருத்து வாங்கும்வரை ஒரு ரூபாயும் முன்பணம் கொடுக்க வேண்டாம் என்றேன். மறுநாள் காலை என்னை ரயிலேற்றிவிட்டு நேரே அங்கே போயிருக்கிறார். மாலையில் தொலைபேசியில் பேசினார். குடும்பத்தாருக்கன்றி வெளியாருக்குப் பதிவு இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். தரகர் மாத்திரம், “ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம், பதிவு பிறகு வரும்” என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். தோப்பு விற்கப்படவில்லை.