கானகத்தில் ஓர் இல்லம்

வீட்டில் வாழும்போது அதன் அருமை நமக்குப் புலனாவதில்லை. தலைக்குமேல் கூரை, காலடியில் உலர்ந்த தரை, வேளைதோறும் சுடுசோறு, இரவில் அச்சமற்ற உறக்கம் ஆகிய யாவும் தாமே வந்து அமைந்தவை என்று எண்ணிவிடுகிறோம். காட்டில் சில நாள் தங்கினால், இவை ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய முன்யோசனையால் அமைந்தவை என்பது விளங்கும். எனக்கு அது விளங்கிய விதத்தை இங்கே கூறுகிறேன்.

1997-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், வனத்துறையினரின் இசைவு பெற்று, நண்பர் மூவருடன் பொதிகை மலைச் சாரலுக்குச் சென்றேன். தாமிரவருணி பிறக்கும் அம்மலையில் செடிகொடிகளைக் குறிப்பெடுப்பது எங்கள் பணி. குழுவுக்கு நானே தலைவன். அம்மலையில் வாழும் காணிக்காரர் குடியைச் சேர்ந்த முதியவர் ஒருவர் வழிகாட்டியாக வந்தார். ஒன்பது நாள் அடிவாரத்து விடுதியில் தங்கிப் பணி செய்தபின், பத்தாம் நாள் மேலேறினோம்.

மாலையில் வறண்ட ஓடை ஒன்றைக் கண்டோம். வெண்மணல் பஞ்சணைபோல் பரந்திருந்தது. "இங்கேயே கூடாரம் அடிப்போம்" என்றேன். முதியவர் தலையசைத்து மறுத்தார். "தம்பி, மெத்தை நல்ல மெத்தைதான், ஆனால் இது தண்ணீர் படுக்கிற இடம்" என்றார். வானத்தில் ஒரு முகிலும் இல்லை. நான் நகைத்துவிட்டேன். அவர் வாதிடவில்லை. உணவு மூட்டைகளையும் தார்ப்பாயையும் சுமந்துசென்று அருகிலிருந்த மேட்டில் வைத்து, அங்கேயே படுத்துக்கொண்டார்.

நள்ளிரவில் பேரிரைச்சல் கேட்டு விழித்தோம். எங்கள் தலைக்குமேல் விண்மீன்கள் ஒளிர்ந்தன; மழை பெய்ததோ மலை உச்சியில். "மேலே ஏறுங்கள்!" என்று முதியவர் கூவினார். எழுந்து ஓடுவதற்குள் நீர் முழங்காலைத் தொட்டது. எங்களுள் இளையவன் தன் பையை எடுக்கத் திரும்பினான். வெள்ளம் அவன் இடுப்பளவு ஏறிற்று. முதியவர் கயிற்றை வீசி அவனைக் கரைக்கு இழுத்தார். அவன் பிழைத்தான்; பை போயிற்று. ஒன்பது நாள் குறிப்புகள் யாவும் அதனுள் இருந்தன. அவன் என்னை ஒரு சொல்லாலும் கடியவில்லை. அந்த அமைதி கடுஞ்சொல்லினும் என்னை வருத்திற்று.

மறுநாள் காலையில் முதியவரிடம் சென்று, "பெரியவரே, இனி நீங்கள் சொல்லுங்கள், நாங்கள் செய்கிறோம்" என்றேன். அவர் முதலில் நிலத்தையும், பின்னர் வானத்தையும் நோக்கினார். நீர் வடிந்தோடும் சிறு சரிவுள்ள மேடு வேண்டும். மேலே பட்ட கிளை இருத்தல் ஆகாது. விலங்குகள் செல்லும் தடத்திலும், அவை நீர் அருந்தும் துறையிலும் தங்கலாகாது என்றார். இடம் நன்கு அமைந்துவிட்டால், கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டும் வேலையும் மிஞ்சும், மலைமண்ணும் கரையாது.

பிறகு படுக்கையைச் செப்பனிட்டோம். குளிர் காற்றினால் மட்டும் வருவதன்று. ஈரத்தரை நம் உடற்சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. ஆதலின், பாண்டங்களைப் பொதிந்து வந்த வைக்கோலைக் கோணிச் சாக்குகளில் அடைத்துப் பரப்பி, அவற்றின்மேல் கோரைப்பாயை விரித்தோம். அதற்குமுன் கற்களைப் பொறுக்கி எறிந்து, இடுப்பெலும்பு படியும் இடத்தில் மண்ணைச் சற்றே குழித்தோம். இச்சிறு குழி தரும் சுகம் பெரிது. 1988 முதல் புலிகள் காப்பகத்தில் அடங்கிய காடு அது. எனவே படுக்கைக்கென ஒரு பச்சைக் கிளையும் ஒடிக்கவில்லை.

தார்ப்பாயைக் கயிற்றில் கட்டியபோது, மழைநீர் கயிற்றின் வழியே ஊர்ந்து உள்ளே வந்தது. முதியவர் ஒரு துணிக்கிழிசலைத் தார்ப்பாய்க்குச் சற்று வெளியே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். வந்த நீர் அத்துணி வழியே நிலத்தில் சொட்டிற்று. உள்ளே ஒரு துளியும் வரவில்லை. மண்ணெண்ணெய் அடுப்பைச் சுற்றித் தட்டைக் கற்களை மதிலாக நிறுத்தினோம்; காற்றுக்கு அணையாமல் சுடர் நின்றது. ஓடைநீரை வேட்டித்துணியில் வடிகட்டிக் கொதிக்க வைத்தே அருந்தினோம். அந்த வெந்நீரையே உலோகக் குப்பியில் ஊற்றி, இறுக மூடித் துணி சுற்றிக் காலடியில் வைத்தால், விடியுமட்டும் கால்கள் குளிரா.

ஒவ்வொருவரும் ஓர் உடையை உறங்குவதற்கென்றே உலர்வாக வைத்துக்கொண்டோம். உணவை உறங்குமிடத்திற்குத் தொலைவில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். கரடியும் எலியும் மணம் தேடி வருவன. காலையில் காலணியைக் கவிழ்த்துத் தட்டிய பின்னரே அணிந்தோம். ஒருநாள் என் காலணியிலிருந்து தேள் ஒன்று விழுந்தது. அட்டை கடித்தால் பிடித்து இழுக்காமல், நகத்தைப் பக்கவாட்டில் செலுத்தி அதன் வாயை மெல்ல நெகிழ்த்தினோம்.

இவற்றில் எதற்கும் பெரும்பொருள் தேவைப்படவில்லை. அன்றிரவு நன்றாக உறங்கினோம். நன்றாக உறங்கியவன் மறுநாள் நன்றாகக் காண்கிறான், பிழையின்றி எழுதுகிறான், தோழரிடம் சினம் கொள்வதில்லை. காட்டில் வசதி என்பது சோம்பலுக்கன்று, செயலுக்கே என்பதை அப்போது உணர்ந்தேன்.

திரும்பும் வழியில் இளையவனுடன் அடிவாரத்தில் மேலும் ஒன்பது நாள் தங்கி, இழந்த குறிப்புகளை மீண்டும் எடுத்தேன். ஆயினும் முன்பு பூத்திருந்த சில செடிகளில் அப்போது பூவில்லை. அக்குறிப்பேட்டில் அவற்றிற்குரிய இடங்கள் இன்றும் வெறுமையாகவே உள்ளன.

மாணவர்களே, நீங்களும் ஒருநாள் சாரணர் பாசறையிலோ கல்விச் சுற்றுலாவிலோ காட்டருகே தங்க நேரலாம். கயிறும் சாக்கும் மறவாது கொண்டு செல்லுங்கள். அவ்விடத்தை அறிந்த ஒருவர் "இங்கே வேண்டாம்" என்று சொன்னால், நகைக்காமல் கேளுங்கள். கானகத்தில் இல்லம் அமைக்க முதலில் வேண்டுவது அதுவே.