ஆறரை மணிக் கதவு

"மன்னிப்புக் கடிதம் ஒண்ணு எழுதிக் கொடுத்துட்டா பரீட்சை எழுத விட்டுருவாங்கல்ல சார்?"

அந்த அப்பா இப்படித்தான் பேச்சைத் தொடங்கினார். லோடு ஆட்டோ ஓட்டுபவர். மகள் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு பி.ஏ. வரலாறு. இடைநீக்கம் செய்திருந்தார்கள். செமஸ்டர் தேர்வுக்கு 9 நாள்தான் இருந்தது. ஹால் டிக்கெட் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

மகள் வாய் திறக்கவில்லை. மடியில் வைத்திருந்த நீள நோட்டை என் மேசைமேல் வைத்தாள். நான் அதைத் தொடவே இல்லை. இடைநீக்க ஆணையைத்தான் கையில் எடுத்தேன். மொத்தம் நாலு வரி: கல்லூரியின் நற்பெயருக்குக் களங்கம், மாணவிகளைத் தூண்டிவிட்டது, மறு உத்தரவு வரை வளாகத்துக்குள் வரக்கூடாது.

நடந்தது இவ்வளவுதான். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, வகுப்பு முடிந்தபின், வேப்பமரத்தடியில் 'திறந்த மேடை' என்று மாணவிகள் நடத்திவந்தார்கள். அந்த மாதத் தலைப்பு, பெண்கள் விடுதிக் கதவை மட்டும் ஏன் ஆறரைக்கே பூட்டுகிறீர்கள் என்பது. ஆண்கள் விடுதிக்கு ஒன்பதரை. பேச்சு ஒன்றை யாரோ செல்போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப, நிர்வாகத்துக்கு நாலு பேர் போன் போட்டிருக்கிறார்கள். மறுநாள் காலையிலேயே ஆணை. 'மாமியாரா, மருமகளா' என்று பட்டிமன்றம் போட்டால் முன்வரிசையில் உட்கார்ந்து சிரிப்பவர்கள்தான் இந்த நிர்வாகத்தினர்.

உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில், அன்றே அவசரமாக விசாரிக்கும் லஞ்ச் மோஷனுக்கு முறையிட்டு, மதியம் 2.15-க்கு வழக்கை எடுக்கவைத்தோம். என் தலைக்குள் ஒரு பெரிய வாதம் ஓடிக்கொண்டிருந்தது. பேச்சுரிமை தரும் அரசியல் சட்டப் பிரிவு 19, 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்துக்காக 1989-ல் உச்ச நீதிமன்றம் ரங்கராஜன் வழக்கில் தந்த தீர்ப்பு எல்லாம் தயார். இட ஒதுக்கீட்டை விமர்சித்த படம் அது. கலவரம் வரும் என்ற மிரட்டலைக் காட்டி ஒருவர் வாயை அடைக்க முடியாது, பேசுபவரைக் காப்பதுதான் அரசின் வேலை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நாலு பேர் போன் போட்டதற்கு நல்ல பதில்தானே?

நீதிபதி கையமர்த்தினார். "அதெல்லாம் இருக்கட்டும். இந்தப் பெண்ணிடம் விளக்கம் கேட்டார்களா?"

கேட்கவில்லை. தேர்வில் முறைகேடு என்று மாணவர்களைத் தண்டிப்பதானால்கூட அவர்கள் பக்கத்தைக் கேட்டாக வேண்டும் என்று 1962-லேயே, கன்ஷியாம் தாஸ் குப்தா வழக்கில் சொல்லியாகிவிட்டது. தனியார் நிர்வாகத்தின் மேல் ரிட் மனு செல்லாது என்று எதிர்த்தரப்பு எழுந்தது. உதவி பெறும் கல்லூரிக்கு அது எடுபடாது. 1989-ல் வந்த ருதானி வழக்கே அகமதாபாத் கல்லூரி ஒன்றைப் பற்றியதுதான். எதிர்மனு தாக்கல் செய்ய 3 நாள் கொடுத்தார் நீதிபதி.

அந்த எதிர்மனுதான் என்னை நோட்டின் பக்கம் திருப்பியது. 'அனுமதியின்றி நடந்த கூட்டம், ஒருதலைப்பட்சமான பேச்சு' என்று சத்தியப் பிரமாணத்தில் எழுதியிருந்தார்கள். அன்று இரவு நோட்டைப் பிரித்தேன். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு பக்கம். அனுமதி கேட்ட கடிதத்தின் நகல் ஒட்டியிருந்தது. அதில் அலுவலகத்தின் 'பெறப்பட்டது' முத்திரை, முதல்வரின் சுருக்கொப்பம். கீழே தலைப்பு, ஆதரித்துப் பேசுபவர், மறுத்துப் பேசுபவர், ஆளுக்கு 7 நிமிடம், கேள்விக்கு 20 நிமிடம். நேரம் பார்ப்பவர் பெயர்கூட இருந்தது. முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு விதி: மறுத்துப் பேச ஆள் கிடைக்காத தலைப்பை எடுக்கக்கூடாது. இரண்டு மாதம் அப்படியே கூட்டம் தள்ளிப்போயிருக்கிறது.

விடுதித் தலைப்புக்கு மறுத்துப் பேசியவர் யார் தெரியுமா? வார்டன். 'சம்மதம்' என்று தன் கையால் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். அவர் பேசியபோது கைதட்டல் கிடைத்ததையும் அந்தப் பெண் குறித்துவைத்திருந்தாள்.

அடுத்த வாய்தாவில் அந்தப் பக்கத்தை நீதிபதியிடம் நீட்டினேன். படித்தார். எதிர்த்தரப்பு வக்கீலிடம் கொடுக்கச் சொன்னார். அவரும் படித்தார். நல்ல மனிதர், ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார்.

ஆணை ரத்தானது, தேர்வெழுத அனுமதி கிடைத்தது. ஆனால் தீர்ப்பில் பேச்சுரிமை பற்றி ஒரு சொல் கிடையாது. விளக்கம் கேட்காததுதான் காரணம். வேண்டுமானால் முறைப்படி விசாரித்துக்கொள்ளலாம் என்று நிர்வாகத்துக்கு ஒரு வரி சலுகையும் இருந்தது. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ரங்கராஜன் வழக்குக்கு அடையாளத் தாள் வைத்த புத்தகத்தைத் திறக்காமலே பைக்குள் போட்டேன். விசாரணை எதுவும் பிறகு நடக்கவில்லை. வார்டனின் கையெழுத்து இருக்கும்போது யாரை விசாரிப்பது?

அதோடு நிர்வாகம் விடவில்லை. எந்தக் கூட்டமானாலும் 15 நாளுக்கு முன்பே தலைப்பைத் தரவேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது. இதையும் எதிர்த்து வழக்குப் போடலாம் என்று நான் துடித்தேன். அந்தப் பெண் சிரித்தாள். "வேணாம் சார், ஏற்கெனவே குடுத்தாச்சு." வருடம் முழுமைக்கும் உள்ள தலைப்புகளை ஒரே கடிதத்தில் எழுதி, முத்திரை வாங்கி, நோட்டில் ஒட்டியிருந்தாள்.

நோட்டைத் திருப்பி வாங்க அப்பாதான் வந்தார். மன்னிப்புக் கடிதம் பற்றி இருவருமே பேசவில்லை. போகும்போது, "பாப்பா அடுத்த கூட்டத்துக்கு என்னையும் வரச் சொல்லியிருக்கு சார்" என்றார். அடுத்த கல்வியாண்டில் பெண்கள் விடுதிக் கதவு எட்டு மணிக்குப் பூட்டப்பட்டது. ஆண்கள் விடுதிக்கு அப்போதும் ஒன்பதரை.