எண் தெரியாத லெட்சுமி

தோட்ட அலுவலகக் கணினியில் ஒருவருடைய பதிவைத் திறக்க ஊழியர் எண் வேண்டும். கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்களில் காலமெல்லாம் உழைத்த பாட்டிமார் அந்த எண்ணுக்கு எங்கே போவார்கள்? வேலை செய்ததற்குச் சான்றுக் கடிதம் கேட்டு வந்த ஒருவர், "பேரு லெட்சுமி, தம்பி. பால்மரம் சீவினேன், அப்புறம் முள்ளுத்தேங்காய் பொறுக்கினேன்" என்றார். அவர் கையில் இருந்த அடையாள கார்டில் பன்னிரண்டு இலக்க எண். அந்த எண்முறை வந்தது 1990இல். அவருடைய பதிவோ அதற்கு முந்தியது. அதில் பழைய ஏழு இலக்கம்தான் இருக்கும்.

மென்பொருளில் 'ஒலிப்படி தேடு' என்று ஒரு பொத்தான் உண்டு. கார்டில் உள்ளபடி எல்-இ-டி-சி-எச்-யு-எம்-ஐ என்று தட்டினேன். பல லெட்சுமிகள் வந்தார்கள், இவர் வரவில்லை. 'லக்ஷ்மி' என்று வடக்கத்தி எழுத்தில் தட்டியபோது பட்டியலே மாறிவிட்டது. ஏன் என்று தெரியாமல் என்னால் இருக்க முடியவில்லை. அந்தப் பொத்தானின் பூர்வீகத்தைத் தேடிப் போனேன்.

அதன் பெயர் சவுண்டெக்ஸ். ராபர்ட் ரஸ்ஸல் என்ற அமெரிக்கர் 1918இல் காப்புரிமை பெற்ற முறை. முதல் எழுத்தை அப்படியே வைத்து, உயிரெழுத்துகளைத் தள்ளி, ஒலி நெருங்கிய மெய்யெழுத்துகளுக்கு ஒரே இலக்கம் தருவார்கள். அதன்படி லக்ஷ்மி எல்250. நடுவில் 'டி' இல்லாத லெச்சுமியும் எல்250. நம் கார்டுகளில் சாதாரணமாகக் காணும் 'டி' போட்ட லெட்சுமி மட்டும் எல்325 ஆகிவிடுகிறாள்! ஓர் எழுத்து, அவ்வளவுதான்.

இந்த முறை பரவிய காரணம் என் மனத்தைத் தொட்டது. 1935இல் அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, ஓய்வூதியம் கேட்ட முதியவர்கள் பலரிடம் பிறப்புப் பத்திரம் இல்லை. வயதுக்குச் சான்று காட்ட 1880ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில், பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் இருந்த வீடுகளைச் சவுண்டெக்ஸ் அட்டைகளாக அடுக்கினார்கள். வேலையற்றோருக்கான அரசுத் திட்டத்தில் சேர்ந்தவர்கள் செய்த வேலை அது. கையில் தாள் இல்லாத வயதானவர்களுக்காகவே வளர்ந்த தேடல் இது. நம் பாட்டிமாருக்கு அது உதவாமல் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

சிக்கல் எங்கள் வட்டாரத்துத் தோட்டச் செக்ரோல்களில் (வருகை, சம்பளப் பதிவேடுகளில்) தொடங்குகிறது. அவற்றில் தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதிய கிராணிமார் (எழுத்தர்கள்) காதில் விழுந்ததைத்தான் எழுதினார்கள். ஒரே ஆளுக்குச் செக்ரோலில் ஓர் எழுத்துக்கூட்டல், கார்டில் வேறு எழுத்துக்கூட்டல்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதும் சேர்ந்துகொள்கிறது. அமெரிக்க முறை குடும்பப் பெயரை நம்பியது. நம் பதிவிலோ 'அனாக் பெரெம்புவான்' (மகள்) என்பதற்குப் பின்னால் அப்பா பெயர். அதையே பிடித்தேன். பாட்டியின் அப்பா முனியாண்டி. கடைசியில் 'ஐ' போட்டாலும் 'ஒய்' போட்டாலும் முனியாண்டி எம்553தான். அப்பா பெயர், தோட்டம், பிறந்த ஆண்டு மூன்றையும் சேர்த்துத் தேடியதும் நாலைந்து பேர் மிஞ்சினார்கள். அவர்களில் ஒருவர் 'டி' இல்லாத லெச்சுமி. பழைய கார்டு எண்ணைப் பேரன் வீட்டிலிருந்து போனில் படித்தான். ஏழு இலக்கமும் பொருந்தியது.

சான்றுக் கடிதத்தில் பெயரின் இரண்டு எழுத்துக்கூட்டல்களையும், இரண்டு கார்டு எண்களையும், இருவரும் ஒருவரே என்ற ஒரு வரியையும் சேர்த்து மேலாளரிடம் கையெழுத்து வாங்கினேன். அடுத்த கவுண்டரில் அவரை யாரும் திருப்பி அனுப்பக் கூடாது.